தாயம்மாள் சொன்ன எடை

ஆரோக்கியசாமிக்கு ஒரு வரியின்மேல் கோபம். ஏழு வருஷமாக அது தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நூற்று நாற்பது பக்க ஆங்கில அறிக்கை. அதில் எண்பத்தோராம் பக்கத்தின் அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டிய எழுத்தில் அந்த வரி. அவன் படித்தது ஆறாம் வகுப்பு. ஆகவே மகள் காஞ்சனாவை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னான். அவள் படித்துவிட்டுச் சொன்னாள்: "உப்பல் சென்டர் ரெக்கார்டு மொத்தத்தையும் தூக்கிட்டாங்களாம் டாடி. அங்க வேலை பாத்த ஃபீல்டு ஒர்க்கர் ஒருத்தங்க நேர்மையா இல்லையாம்."

"பேரு போட்டிருக்கா?"

"பேரு லேது."

பேர் இல்லாவிட்டால் என்ன? உப்பல் மையத்தில் களப்பணியாளர் என்று இருந்தது ஒரே ஆள், தாயம்மாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் இங்கேயும் கடலுக்கு அந்தப் பக்கமும் படித்தவர்கள் நாற்பது பேர் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூட அவள் வீட்டுக்கு வந்து, என்னம்மா நடந்தது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த நம்பர்களை எழுதியது அவள் கையே அல்ல.

தாயம்மாள் பிறந்தது ஹைதராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா பக்தவத்சலம் ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். வீட்டுக்குள் வடாற்காட்டுத் தமிழ், வாசலில் தெலுங்கு, குழாயடியில் உருது என்று வளர்ந்ததில் மூன்றும் அவள் வாயில் ஒன்றாகக் கலந்தே வரும். பத்தாவது பாஸ். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் மஸ்கட் போனான். நாலு கடிதம் வந்தது, அதோடு சரி. பிள்ளை இல்லை. உப்பலில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு அங்கன்வாடியில் ஆயா வேலை பார்த்தாள். அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆள் தேடிக்கொண்டு வந்தார்கள்.

ஐரோப்பாவில் ஆறு மாதம் பனி கொட்டுகிற ஒரு நாடு. பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள்மேல் கோபம் ஒன்றுமில்லை. அந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பணம் அவர்களுடையது, பிள்ளைகள் நம்முடையவை. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகளை எடை போட்டு, உயரம் அளந்து, என்ன தண்ணீர் குடிக்கிறார்கள், எந்தப் பட்டறைப் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று எழுதவேண்டும். பட்டறையும் குடித்தனமும் ஒட்டிக்கொண்டிருக்கிற உப்பல் அதற்குத் தோதான இடம். இந்தப் பக்கத்துத் தலைவர் அனந்தராமன், தஞ்சாவூர்க்காரர். ஆரோக்கியசாமி பல்கலைக்கழகத்தின் நிரந்தர டிரைவர். புராஜெக்ட் வண்டிக்கு அவனைக் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் வண்டியில் போகும்போது அவன் கேட்டுவிட்டான். "சார், நம்மூர்ப் புள்ளைங்க வளர்றதப் பாக்க அவங்க ஏன் சார் காசு குடுக்குறாங்க?"

அனந்தராமன் சிரித்தார். "நம்மகிட்ட அழுக்கு ஜாஸ்தி, அவாகிட்ட பணம் ஜாஸ்தி. ரெண்டும் சேந்தா ஆராய்ச்சி. ரோட்டைப் பாத்து ஓட்டு."

அந்த வேலைக்குத்தான் தாயம்மாளைச் சேர்த்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை முடிந்தது என்று கடிதம் கொடுப்பார்கள். மறுநாள் அவள் வேலையில் இல்லாதவள். அதற்கும் மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள். தொடர்ந்து வேலை பார்த்ததாக ஆகிவிடக் கூடாதாம். அந்த ஒரு நாளிலும் அவள் தெருவுக்குள் போவாள். "இன்னிக்கு நான் விருந்தாளி, டீ போடுங்கடி" என்பாள். அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. தொள்ளாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். எது யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு எப்போது பல் முளைத்தது, எவன் பால் குடிக்காமல் அடம் பிடித்தான், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது.

தாய்மாரிடம் கையெழுத்து வாங்கும்போது அவள் ஒரு வாக்குக் கொடுப்பாள். 'முடிவுகள் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்' என்று படிவத்தில் இருந்ததை அவள் தன் பாஷையில் சொன்னாள். "கடேசில ஒரு புஸ்தகம் போடுவாங்க. உம் புள்ள பேரு வராது, நம்பர் வரும். ஆனா அது உம் புள்ளதான். உலகத்துல இருக்கிற டாக்டரெல்லாம் அதப் பாத்துதான் புள்ளைங்களுக்கு வைத்தியம் பாப்பான். வந்ததும் நானே கொண்டாந்து காட்டுறேன்." கூடவே ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பாள். மாதா மாதம் எடையை அதில் தன் கையால் எழுதி, மடித்து, தாயின் கையில் வைப்பாள்.

எடை போடுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி வாசல் நிலைக் கொக்கியில் தராசை மாட்டி, பிள்ளையைத் தொட்டித் துணியில் தொங்கவிட்டு, முள் நின்றதும் நம்பரைச் சத்தமாகச் சொல்லவேண்டும். இன்னொருத்தி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் படிவத்தில் எழுதவேண்டும். பனி நாட்டில் வகுத்த முறை. அங்கே ஆஸ்பத்திரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள் போலிருக்கிறது. உப்பலில் கதவை எங்கே சாத்துவது? தராசை மாட்டினால் தெருவே கூடிவிடும்.

சபீனா வீட்டில் ஆரம்பித்தது அது. சபீனா ஆம்பூர்க்காரி, புருஷன் தோல் பட்டறையில் தையல் வேலை. அவள் மகன் நூர் முகமது எட்டு மாதத்தில் பூசணிக்காய் மாதிரி இருந்தான். தராசை மாட்டியதுமே அவள் தாயம்மாள் காதில் சொன்னாள்: "அக்கா, சத்தமா சொல்லாதீங்க. எதுத்த வீட்டுக்காரிக்கு இருக்கிறது கண்ணா அது? லாரி லைட்டு."

சத்தமாகத்தான் சொல்லவேண்டும் என்பது விதி. தாயம்மாள் தராசைப் பார்த்தாள், வாசலில் நின்ற ஏழெட்டுப் பேரைப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பி "த்தூ!" என்றாள். பிறகு உரக்க, "எட்டு நானூறு" என்றாள். "ஒண்ணுமே இல்லடி, வெறும் காத்து. ஒழுங்காப் பால் குடு."

எதிர்வீட்டுக்காரி திருப்தியாகப் போய்விட்டாள். எழுதுகிற பெண் பிந்து, போடுப்பல்காரி, "எட்டு நானூறு" என்று அதே மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு, படிவத்தில் ஒன்பது நானூறு என்று எழுதினாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் வீட்டிலும் அவள் அம்மா அப்படித்தான். 'த்தூ' வந்தால் ஒரு கிலோ கூட்டு. 'த்தூ' வராவிட்டால் சொன்னபடி எழுது. கூட்டம் இல்லாத நாளில், கண் படாத வீட்டில், தாயம்மாள் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுவாள். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டது கிடையாது. ஏழு வருஷம் ஒரு தப்பு வரவில்லை.

பிறகு பனி நாட்டிலிருந்து வருகிற பணம் குறைந்தது. எங்கேயாவது வெட்டவேண்டும். ரத்தப் பரிசோதனையை வெட்டினால் ஆராய்ச்சி போய்விடும் என்று அனந்தராமன் எழுதுகிற பெண்களை வெட்டினார். வருஷா வருஷம் அங்கே அனுப்புகிற கடிதத்தில் மட்டும் 'பயிற்சி பெற்ற இருவர்' என்ற பழைய வாசகம் அப்படியே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிந்து அழுதுகொண்டே போனாள். திங்கட்கிழமை அனந்தராமன் பேனாவை ஆரோக்கியசாமியின் கையில் கொடுத்தார்.

"வண்டில சும்மாதானே உக்காந்திருக்கே? நம்பர் எழுத வரும் இல்லியா?"

"வரும் சார்."

அவனுக்கு அது பெருமை என்பதையும் சொல்லிவிடவேண்டும். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், பிள்ளைகளிடம் சொன்னான். தன் காசில் நல்ல பேனா வாங்கினான். தாயம்மாள் கூவினால் கூவியபடி, ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல், கட்டத்துக்குள் நிற்கும்படி எழுதினான். 'த்தூ' என்று அவள் துப்புவது அவன் காதில் விழாமலில்லை. அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். இந்தத் திருஷ்டி எல்லாம் பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டான். சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்து தாயம்மாள் கட்டாக அடியில் கையெழுத்துப் போடுவாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டாள். அவன்மேல் அத்தனை நம்பிக்கை.

பதினேழு மாதம் போயிற்று.

அந்த டிசம்பரில் பனி நாட்டிலிருந்து மார்யா என்ற அம்மாள் வந்தாள். அந்தப் பக்கத்துத் தலைவி அவள்தான். கூட்ட அறையில் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். மற்ற மையத்துப் பிள்ளைகளின் கோடுகள் ஏணி மாதிரி மேலே போயின. உப்பல் பிள்ளைகளின் கோடுகள் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கின. ஒரு மாதம் ஒரு கிலோ மேலே, மறுமாதம் ஒரு கிலோ கீழே. மார்யா அதிகம் பேசவில்லை. எந்தப் பிள்ளையும் இப்படி வளராது, இது வீட்டுக்குப் போகாமலே உட்கார்ந்து எழுதியது என்று மட்டும் சொன்னாள்.

அனந்தராமன் தாயம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். ஆரோக்கியசாமி வண்டிச் சாவியோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்கெல்லாம் போனியா இல்லியா?"

"போவாம இன்னா சார்? எந்த வீட்டுக்குப் போவல, சொல்லுங்க."

அவர் படிவக் கட்டை அவள் முன்னால் தள்ளினார். அவள் முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதை எடுக்கப்போன கை பாதியில் நின்றது. தலையைத் தூக்கி ஆரோக்கியசாமியைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வண்டி ஹப்சிகுடா சிக்னலில் நிற்கும்போதுதான் பேசினாள்.

"சாமி, நான் த்தூன்னு சொன்னா நீ ஒரு கிலோ கூட்டலியா?"

"எதுக்குக் கூட்டணும்?"

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஆரன் அடித்தார்கள். அவனுக்கு மெல்லப் புரிந்தது. வண்டியை ஓரம் கட்டினான்.

"நீ சொல்லவே இல்லியேக்கா!"

"இத எவனாவது சொல்லுவானா? ரெண்டு புள்ள பெத்தவன் நீ. ஒரு வாட்டியாவது உம் பொண்டாட்டி உம் புள்ள எடைய வெளிய சொல்லிக் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. பிள்ளைகளை எடை போட்ட இடத்துக்கே அவன் போனதில்லை.

மறுநாள் காலையில் அவன் அனந்தராமன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். எழுதியது நான், தப்பு என்னுடையது என்றான். தாயம்மாள் அந்த ஒரு ராத்திரியிலும் காலையிலும் தெருத் தெருவாக ஓடி, இருநூறு மஞ்சள் அட்டைகளை அரிசிச் சாக்கில் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "இதுல இருக்கிறது நெச எடை சார். எங்கையெழுத்து. ஒண்ணு ஒண்ணா ஒத்துப் பாத்துக்கோங்க."

அனந்தராமன் சாக்கைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தினார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் பயந்த மனுஷர்.

"ரெண்டு பேரும் நான் சொல்றதைக் கேளுங்கோ. டிரைவர் எழுதினான்னு சொன்னா, எழுதற பொண் எங்கேன்னு கேப்பா. அவளை நிறுத்தினதை நாம அங்க சொல்லலை. குடுத்த பணத்தைத் திருப்பிக் குடுன்னுவா. புராஜெக்ட்ல இருக்கிற இருபத்திரெண்டு பேரும் வேலை போய் வீட்டுக்குப் போகணும். அது ஒண்ணு." தண்ணீர் குடித்தார். "இன்னொண்ணு. அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் இவ தப்பான நம்பரைக் கூவியிருக்கா, ஒரு பொண்ணு மனசுக்குள்ள கூட்டி எழுதியிருக்கா. இதை உலகத்துல எந்த விஞ்ஞானி ஒத்துப்பான்? நன்னா இருக்கிற ஏழு வருஷமும் போயிடும். ஒரு குழந்தைகூட மிஞ்சாது."

"அட்டை இருக்கே சார்" என்றான் ஆரோக்கியசாமி.

"ஒரே குழந்தைக்கு ஒரே நாள்ல ரெண்டு நம்பர். எது நிஜம்னு எப்படிய்யா நிரூபிப்பே? நேத்து ராத்திரி உக்காந்து எழுதினதுன்னுவா."

தாயம்மாள் சாக்கின் வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டினாள்.

"இந்தப் பதினேழு மாசம் மட்டும் நானே வீட்டுல உக்காந்து எழுதிட்டேன்னு சொன்னா, பழைய ஏழு வருஷத்துப் புள்ளைங்க நிக்குமா சார்?"

அனந்தராமன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நிக்கும்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப அப்படியே எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

ஆரோக்கியசாமி கத்தினான். உனக்கென்ன பைத்தியமா என்றான். அவள் அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "சும்மா இரு. உனக்கு பர்மனெண்ட் வேல. உனக்கு ரெண்டு புள்ள. எனக்கு எப்படியும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா முடியிற வேலதான? எழுநூறு புள்ள நிக்குதுன்னா போவட்டும். நீ வாயத் தொறந்தியோ, செருப்பு பிஞ்சிடும். எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். அதுதான் அவன் செய்த காரியம்.

மார்யாவை ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான். ஒன்றரை மணி நேரம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆங்கிலம் வராது என்பது சாக்கு. கையால் எழுதிக் காட்டியிருக்கலாம். என் எழுத்து என்று அவன் நெஞ்சில் விரலை வைத்திருந்தால் புரிந்துகொண்டிருப்பாள், புத்திசாலி. அவள் தன் ஊரில் பனி பெய்கிற படத்தைச் செல்போனில் காட்டினாள். உனக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டாள். "டூ" என்று விரலைக் காட்டினான். பெட்டியை இறக்கிக் கொடுத்தான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவனும் கும்பிட்டான்.

ஆறு மாதம் கழித்து அறிக்கை வந்தது. பொய் எழுதிய ஆள் முதலிலிருந்தே அந்த மையத்தில் இருந்திருக்கிறாள், ஆகவே முதலிலிருந்து எதையும் நம்புவதற்கில்லை என்று மொத்தத்தையும் நீக்கிவிட்டார்கள். பதினேழு மாதம் மட்டுமல்ல, ஒன்பது வருஷமும் போயிற்று. தொள்ளாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளில் ஒன்று மிஞ்சவில்லை. அடுத்த ஐந்து வருஷத்துக்கு வரவேண்டிய பணமும் வரவில்லை. இருபத்திரெண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். எதைக் காப்பாற்ற அவள் கையெழுத்துப் போட்டாளோ அதில் எதுவும் நிற்கவில்லை. கையெழுத்து மட்டும் நின்றது.

அனந்தராமன் ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போனார். ஆரோக்கியசாமியைப் பல்கலைக்கழகப் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். ஏ.எஸ்.ராவ் நகர் தடம். காலையும் மாலையும் மாணவர்களை ஏற்றி இறக்குகிற வேலை.

இருநூறு மஞ்சள் அட்டைகள் தாயம்மாளிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய ஸ்கூட்டரில் சாக்கை நடுவில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். எதற்கு வாங்கினாய், எதற்குத் தருகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள்.

"புஸ்தகம் அச்சுல இருக்கு. வரும். அது வர்ற வரைக்கும் அட்டைய ரேஷன் கார்டோட பத்திரமா வெச்சிக்க."

நாலாவது வீட்டிலேயே அவன் பொறுக்கமுடியாமல் கேட்டான். "ஏன்கா பொய் சொல்றே?"

"வேற இன்னா சொல்லச் சொல்றே? உம் புள்ளைய அஞ்சு வருசம் தொங்கவிட்டு எட போட்டேன், ஆனா அது கணக்குலயே இல்லன்னு சொல்லவா? நீ சொல்லு. தோ, அடுத்த வூடு. எறங்கிப் போய் சொல்லு."

அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு கச்சிபௌலியில், ஆபீஸ் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஒரு காப்பகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பிள்ளைகள் நடுவில் இருந்ததால் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. மூன்றாம் மாதம் அவர்கள் பழைய இடத்துக்கு எழுதி விசாரித்தார்கள். 'இவருடைய நடத்தை பற்றி எதுவும் கூற இயலாது' என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் உப்பலில் ஒரு ஆண்கள் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்த்தாள். குனிந்த முதுகு அதன்பின் நிமிரவில்லை.

தெருவில் பார்க்கிற தாய்மார் விடமாட்டார்கள். "அக்கா, புக் ஆயா க்யா?" "புஸ்தகம் ஒச்சிந்தா?" மூன்று பாஷையிலும் புத்தகம் வந்ததா என்ற ஒரே கேள்விதான். மூன்று பாஷையிலும் அவள் 'வரும்' என்றாள். சில தெருக்களை விட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். சபீனாவிடம் மட்டும் தப்பமுடியாது. அவள் காய்கறி வண்டிக்கு நடுவில் நின்றுகொண்டு கத்துவாள்.

"ஏன்க்கா, அந்த ஐஸ் ஊர்லேர்ந்து புக்கு நடந்து வருதா? எம் புள்ளைக்கு மீசை வந்துருச்சு. அவன் புள்ளைக்காவது வந்துருமா?"

"வரும்டி. கத்தாத. ஆம்பூருக்கே கேக்குது."

"எங்க மாமியா அந்த அட்டைய லேமினேஷன் பண்ணி வெச்சிருக்காங்க, ஹவ், நெசமாத்தான்! எங்க புள்ள ஃபாரின் புக்குல வரான்னு சொந்தத்துக்கெல்லாம் சொல்லிட்டோம்."

தாயம்மாள் சிரித்துவிட்டு நகர்வாள். இதைக் கேட்ட அன்றெல்லாம் அவள் சாப்பிடமாட்டாள் என்பது ஆரோக்கியசாமிக்குத் தெரியும். அவனும்தான் பேசாமல் இருந்தான். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சத்தியமும் இருந்தது, இரண்டு பெண்களுடைய படிப்பும் இருந்தது, பென்ஷனும் இருந்தது. எதனால் பேசாமல் இருந்தான் என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க வராது.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. ஹாஸ்டல் மிச்சச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் வைத்தியத்துக்கு இடமில்லாத அளவுக்கு ஏறியிருந்தது. பெரியம்மா மகள் ஒருத்தி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மற்றபடி ஆரோக்கியசாமிதான். காலைத் தடம் முடிந்து மாலைத் தடம் தொடங்குகிற இடைவெளியில், மதியம் மூன்று மணிக்கு, டப்பாவில் கஞ்சியோடு போவான்.

அதற்குள் பல்கலைக்கழகத்தில் வேறு சங்கதி நடந்துகொண்டிருந்தது. வேறொரு நாட்டுப் பணமும் திடீரென்று நின்றுபோயிற்று. புராஜெக்டுகள் இருந்த கட்டடத்தில் மூன்று மாடி பூட்டிக் கிடந்தது. பழைய காகிதங்களை எடைக்குப் போடக் கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றினார்கள். பஸ்ஸை நிறுத்தப் போனவன், உப்பல் என்று எழுதிய கட்டுகள் போவதைப் பார்த்தான். கட்டு அவிழ்ந்து ஒன்றிரண்டு தாள் கீழே விழுந்தது. கட்டத்துக்குள் அழகாக நிற்கிற அவன் எழுத்து. எடுக்கவில்லை. லாரி அதன்மேலேயே ஏறிப் போயிற்று.

அன்று ஆஸ்பத்திரியில் அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எல்லாமா?" என்றாள்.

"எல்லாந்தான்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த கட்டில்காரி ரேடியோ வைத்திருந்தாள், அதில் விலைவாசி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு தாயம்மாள் திரும்பினாள். குரல் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. அவன் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"சாமி, உப்பல்ல இன்னும் எடம் மாறாம இருக்கிறது அறுவத்தி மூணு வூடு. மத்ததெல்லாம் எங்கெங்கயோ போயிடுச்சு. உனக்குத் தெரியும் எந்த எந்த வூடுன்னு."

"தெரியும்."

"போய் சொல்லிடு. புஸ்தகம் வராதுன்னு சொல்லு. அச்சுல இல்ல, எங்கயும் இல்ல, அவங்க புள்ளைங்க அதுல இல்லன்னு சொல்லு. என்னால முடியல. ஏழு வருசம் வாசல் வரைக்கும் போய் போய் திரும்பிட்டேன்."

"யாராலன்னு கேப்பாங்க."

"எம்பேரச் சொல்லு."

"அதச் சொல்ல மாட்டேன்கா."

"அப்ப உனக்கு எது வாயில வருதோ சொல்லு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." மூச்சு வாங்கினாள். அவன் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தான். அவள் அதைத் தள்ளிவிட்டு அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"போன்ல நக்கோ. நேர்ல போ. மொதல்ல சபீனா வூட்டுக்குப் போ. அவ கத்துவா, தெருவக் கூட்டுவா, உன்னையும் என்னையும் சேத்து அசிங்க அசிங்கமாத் திட்டுவா. பதில் பேசாத. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடாத. அவ கத்தி முடிக்கிற வரைக்கும் அங்கயே நில்லு."